விட்டதைப் பிடிக்கும் ஓட்டம்: சூதாட்டம் நோயாவது எங்கே, மீள்வது எப்படி?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் மிக வேகமாக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் என்று பெயர். அதிர்ஷ்டமோ, திறமையோ, இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டத்தை யாரும் நடத்தக் கூடாது என்கிறது அது. ரம்மி, போக்கர், ஃபேன்டசி கிரிக்கெட் செயலிகள் சில நாட்களிலேயே பணம் வாங்குவதை நிறுத்தின. நிறுவனங்கள் தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

அதன் பிறகு வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. கடையை மூடிவிட்டார்கள், இனி பிரச்சினை தீர்ந்ததா? ஆடி ஏமாந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னால் அவர் மேலேயே கேஸ் வருமா?

இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். மத்தியச் சட்டம் ஆட்டத்தை நடத்துபவருக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம் என்கிறது. விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும் தண்டனை உண்டு. ஆடியவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் இணையச் சூதாட்டம் ஆடுபவருக்கும் 3 மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம் இருக்கிறது. ஆனாலும் மருத்துவரிடம் சொல்வது போலீசில் சொல்வதாகாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் தகவலை வெளியே சொல்லாமல் காக்கச் சொல்கிறது. ஆகவே வழக்குக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

முதல் கேள்விக்கான பதில்தான் நீளமானது.

எது சூதாட்டம்?

மூன்று விஷயங்கள் சேர்ந்தால் சூதாட்டம்: மதிப்புள்ள ஒன்றைப் பணயம் வைக்கிறோம், முடிவு முழுதாக நம் கையில் இல்லை, வென்றால் மதிப்புள்ள ஒன்று கிடைக்கும். லாட்டரி, குதிரைப் பந்தயம், காசு வைத்து ஆடும் மூணு சீட்டு, ஐபிஎல் பெட்டிங் எல்லாம் இதில் அடக்கம்.

ரம்மி திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று நீதிமன்றங்களில் பல ஆண்டு விவாதம் நடந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று சொல்லி, அவற்றின் மீதான மாநிலத் தடையை மட்டும் நீக்கியது. சட்டத்துக்கு அந்த வேறுபாடு தேவைப்பட்டிருக்கலாம். ஆடுபவரின் மூளைக்கும் பர்சுக்கும் அது பெரிதாக உதவவில்லை.

பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ வணிகத்தை, அதாவது பங்கை நேரடியாக வாங்காமல் அதன் வருங்கால விலையை வைத்துச் செய்யும் வணிகத்தை, சட்டம் சூதாட்டமாகக் கருதுவதில்லை. ஆனால் சந்தை ஒழுங்காணையமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய 3 நிதியாண்டுகளில் அந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். சூதாட்டத்தை விட்டுவிட்டு 'இப்போது டிரேடிங் மட்டும்தான்' என்று சொல்பவரின் வீட்டார் இந்த எண்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பணம் எப்படிப் போகிறது: விகிதமும் வேகமும்

ஒவ்வொரு ஆட்டத்திலும் நடத்துபவருக்கென்று ஒரு பங்கு உள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். சிங்கப்பூரின் 4டி லாட்டரியை எடுத்துக்கொள்வோம். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 'பிக்' பந்தயத்துக்கு முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490 வெள்ளி. அதற்குக் கீழே 250 வெள்ளி வீதம் பத்து எண்களுக்கும், 60 வெள்ளி வீதம் இன்னொரு பத்து எண்களுக்கும் பரிசு உண்டு. மொத்தம் 6,590. பத்தாயிரம் எண்களையும் ஒருவரே வாங்கினால் 10,000 வெள்ளி கட்டி 6,590 வெள்ளியைத் திரும்பப் பெறுவார். அதாவது நூற்றுக்கு 34 வெள்ளி போகிறது.

சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் கட்டத்தில் விழும் என்று பந்தயம் கட்டுவது ரூலெட். அதன் ஐரோப்பிய வகையில் 37 கட்டங்கள். அங்கே நடத்துபவரின் பங்கு 2.7% மட்டும். பார்த்தால் ரூலெட்தான் தர்மமான ஆட்டமாகத் தெரியும். ஆனால் வேகத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

1. 4டி குலுக்கல் வாரத்தில் 3 நாள். ஒவ்வொன்றுக்கும் 10 வெள்ளி கட்டினால் வாரத்துக்கு 30 வெள்ளி. சராசரி இழப்பு சுமார் 10 வெள்ளி.
2. ரூலெட் சக்கரம் மணிக்கு 35 முறை சுழல்வதாகக் கொண்டால், சுற்றுக்கு 10 வெள்ளி வீதம் 350 வெள்ளி பந்தயம். அதில் 2.7% என்றால் 9.45 வெள்ளி. ஒரு வாரத்து 4டி இழப்பு இங்கே ஒரு மணி நேரத்தில் நடக்கிறது.
3. கைப்பேசி ஸ்லாட்டில் (தட்டினால் படங்கள் சுழன்று நின்று பரிசைத் தீர்மானிக்கும் ஆட்டம்) நிமிடத்துக்குப் பத்து முறை தட்டலாம். ஒரு வெள்ளி வீதம் மணிக்கு 600 வெள்ளி. நடத்துபவர் பங்கு 5% என்றால் மணிக்கு 30 வெள்ளி இழப்பு, அதுவும் படுக்கையில் படுத்தபடியே.

வேகம்தான் ஆபத்து என்பதைப் பிரிட்டன் சட்டத்திலேயே ஏற்றிவிட்டது. அங்கே 2021 அக்டோபரிலிருந்து இணைய ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 2.5 வினாடி இருக்க வேண்டும். 2025இல் பந்தயத் தொகைக்கும் உச்சவரம்பு வந்தது: சுற்றுக்கு 5 பவுண்டு, 18 முதல் 24 வயதுவரை 2 பவுண்டு.

ரம்மிக் கணக்கு இன்னும் எளிது. சம திறமையுள்ள இருவர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் உட்காருகிறார்கள். ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய். மேசையில் விழும் 200 ரூபாயில் செயலி 10% எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். ஆட்டத்துக்கு 20 ரூபாய் கழிந்தால், இருவரின் மொத்தப் பணமான 2,000 ரூபாய் நூறு ஆட்டத்தில் செயலிக்குப் போய்ச் சேரும். ஒரு ஆட்டம் 5 நிமிடம் என்றால் எட்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். எதிராளியைத் தோற்கடிக்கும் திறமை மட்டும் இருந்தால் போதாது, அந்த 10 சதவீதத்தையும் தாண்டித் தோற்கடிக்க வேண்டும். வெளியே வந்தால் வருமான வரி காத்திருக்கும்: இணைய ஆட்டத்தின் நிகர வெற்றிப் பணத்தில் 30% பிடித்தம். மற்ற வருமானத்தில் இந்த நட்டத்தைக் கழிக்கவும் வழியில்லை.

தெரிந்தும் ஏன் விட முடியவில்லை?

கணக்குத் தெரிந்த வங்கி ஊழியரும் பொறியாளரும் இதில் மாட்டுகிறார்கள். ஆகவே கணக்குத் தெரியாததுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

எப்போது வரும் என்று தெரியாத பரிசு மூளையை மிக வலுவாகப் பிடித்து வைக்கிறது. பத்து முறைக்கு ஒருமுறை தவறாமல் பரிசு வந்தால் சலித்துவிடும். மூன்றாவதிலோ முப்பதாவதிலோ வரலாம் என்றால் கை நிற்காது. நூலிழையில் தவறுவதும் அப்படித்தான். ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால் ரம்மி, ஒரே எண் தள்ளி லாட்டரி. கணக்கில் அது முழுத் தோல்வி. மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், வெற்றியின்போது விழிக்கும் பகுதிகளில் சில இந்த 'கிட்டத்தட்ட'வுக்கும் விழிப்பது தெரிந்தது. அதனால் தோற்றவர் 'நெருங்கிவிட்டேன்' என்றே எழுந்து போகிறார்.

அடுத்தது, 'இத்தனை முறை வரவில்லை, இனி வந்தே தீரும்' என்ற நம்பிக்கை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தவர்கள் லட்சக்கணக்கில் இழந்தார்கள். முந்தைய சுற்றில் என்ன நடந்தது என்பது பந்துக்குத் தெரியாது.

இவை எல்லாம் சேர்ந்து கொண்டுபோய் விடும் இடம்தான் 'விட்டதைப் பிடிப்பது'. ஆரம்பத்தில் ஜெயிக்க ஆடியவர் ஒரு கட்டத்தில் இழந்ததை மீட்க மட்டுமே ஆடத் தொடங்குகிறார். 20,000 போனது, அதை எடுக்க 30,000 கடன், அது போனதும் நகை அடகு. அவரைப் பொறுத்தவரை இது சூதாட்டமே இல்லை, கடனை அடைக்கும் முயற்சி. 'ஒரே ஒரு நல்ல ஆட்டம், அதோடு விட்டுவிடுவேன்' என்று அவர் சொல்வது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. மனதார நம்பித்தான் சொல்கிறார். சிக்கலே அங்கேதான்.

அதனால்தான் தடை மட்டும் போதவில்லை. உள்நாட்டுச் செயலி மூடினாலும் விட்ட பணம் அப்படியே விட்டதாகவே இருக்கிறது. டெலிகிராம் குழு வழியாக வெளிநாட்டுத் தளம் ஒன்று கிடைக்கிறது. 2025இல் தமிழ்நாடு விதித்திருந்த நள்ளிரவு 12 முதல் காலை 5 வரையிலான ஆட்டத் தடை, அடையாளச் சரிபார்ப்பு, செலவு வரம்பு எதுவும் அங்கே கிடையாது. பணம் கட்டச் சொல்லும் யுபிஐ முகவரி அடிக்கடி மாறும். அவை பெரும்பாலும் யாரோ ஒருவர் பெயரில் வாடகைக்கு எடுத்த கணக்குகள். அப்படி ஒரு கணக்கிலிருந்து 'வெற்றிப் பணம்' உங்களுக்கு வந்தால், அந்தப் பணத்தின் சங்கிலியில் சைபர் குற்ற வழக்கு இருக்கும் பட்சத்தில் உங்கள் சம்பளக் கணக்கும் முடக்கப்படலாம்.

இன்னொரு காரணம் அதிகம் பேருக்குத் தெரியாது. பார்க்கின்சன் நோய்க்கும், இரவில் கால் குடைச்சலுக்கும் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல், மனநோய்க்குத் தரப்படும் அரிபிபிரசோல் ஆகிய மருந்துகள் சிலரிடம் சூதாட்ட உந்துதலைக் கிளப்பும். அதுவரை சீட்டுக்கட்டையே தொடாத பெரியவர் அறுபது வயதில் திடீரென ஆடத் தொடங்கினால் மருந்துச் சீட்டைப் பாருங்கள். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

நோய் என்று எப்போது சொல்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறுக்குத் தனி இடம் உண்டு. இணையவழி, நேரடி என்று இரண்டு பிரிவுகளும் அதில் இருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதைக் குடி, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கும் பிரிவுக்கே மாற்றியது. அவர்களின் 9 அடையாளங்கள் இவை:

1. அதே பரபரப்புக்கு முன்பைவிடக் கூடுதல் பணம் தேவைப்படுகிறது.
2. குறைக்கவோ நிறுத்தவோ முயலும்போது எரிச்சல், தவிப்பு.
3. நிறுத்தப் பலமுறை முயன்றும் முடியவில்லை.
4. எந்நேரமும் அதே நினைப்பு: பழைய ஆட்டங்கள், அடுத்த ஆட்டம், பணத்துக்கான வழி.
5. மனம் நொந்திருக்கும்போது ஆடப் போவது.
6. விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்பி வருவது.
7. எவ்வளவு ஆடுகிறோம் என்பதை மறைக்கப் பொய் சொல்வது.
8. வேலை, படிப்பு, உறவு ஒன்றைப் பறிகொடுப்பது அல்லது பறிகொடுக்கும் நிலைக்கு வருவது.
9. பண நெருக்கடியிலிருந்து காப்பாற்ற மற்றவர்களை எதிர்பார்ப்பது.

12 மாதங்களுக்குள் இவற்றில் நான்கு இருந்தால் கோளாறு. 4–5 லேசானது, 6–7 நடுத்தரம், 8–9 தீவிரம். மிகையான மனஎழுச்சி நோயால் வந்த ஆட்டமென்றால் கணக்கு வேறு. அதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

வீட்டில் வைத்து இரண்டே கேள்விகளில் சோதிக்கவும் வழி உண்டு. மேலும் மேலும் அதிகப் பணம் வைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடினீர்கள் என்று வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே விரிவாகப் பார்க்க வேண்டும்.

வரம்போடு ஆடலாமா?

சட்டம் அனுமதிக்கும் இடங்களில், மேலே சொன்ன அடையாளங்கள் இல்லாதவர்களுக்கு மட்டும். கேரள லாட்டரி, சிங்கப்பூர் 4டி, லண்டனிலும் டொரோன்டோவிலும் இருக்கும் பந்தயங்கள் இப்படிப்பட்டவை. கனடாவில் 2021இல் வெளியான வழிகாட்டுதல் மூன்று எண்களைத் தருகிறது: வரிக்கு முந்தைய மாதக் குடும்ப வருமானத்தில் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், மாதத்தில் 4 நாளுக்கு மேல் வேண்டாம், இரண்டு வகைக்கு மேற்பட்ட ஆட்டங்களை வாடிக்கையாக்க வேண்டாம். 40,000 ரூபாய் குடும்பத்துக்கு மாதம் 400 ரூபாய் என்று ஆகிறது. மூன்றையும் சேர்த்தே கடைப்பிடிக்க வேண்டும்.

இதோடு சேரும் நடைமுறைகள்: ஆடும் பணம் ரொக்கமாக, தனியாக. கடன் வாங்கி ஆடுவதில்லை. குடித்திருக்கும்போதும், மனது சரியில்லாதபோதும், இரவு வெகுநேரம் ஆனபிறகும் ஆடுவதில்லை. வரம்பை ஆட்டத்தின் நடுவில் உயர்த்துவதில்லை. தோற்ற பணம் சினிமா டிக்கெட் போல, செலவழிந்ததுதான்.

நான்கு அடையாளங்களைத் தாண்டியவருக்கு இந்தப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். 'கொஞ்சமாக ஆடு' என்ற அறிவுரை அவருக்கு மறுபடியும் உள்ளே போக ஒரு அனுமதிச் சீட்டாகிவிடும். அவருக்கான வரம்பு பூஜ்யம்.

காத்திருக்கக் கூடாத நிலை

சூதாட்டக் கோளாறு உள்ளவர்களிடம் தற்கொலை அபாயம் அதிகம். பெரிய தொகை போன இரவு, கடன் வீட்டுக்குத் தெரியவந்த நாள், கடன்காரர் மிரட்டிய நாள் ஆகியவை ஆபத்தான நேரங்கள். 'நான் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் பணம் வரும்' என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அன்றைய இரவு கணக்குக் கேட்டுச் சண்டை போடும் இரவு இல்லை.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, நாள் முழுதும், இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம். தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சிநேகா அமைப்பின் எண் 044-24640050. உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவு.

மீட்பின் வரிசை: முதலில் பணத்தின் வழியை அடைப்பது

பெரும்பாலான குடும்பங்கள் முதலில் சத்தியம் வாங்குகின்றன, அடுத்து கடனை அடைக்கின்றன, எதுவும் நடக்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கின்றன. வரிசை தலைகீழ். கையில் பணமும் கைப்பேசியும் இருக்கும்போது செய்யும் சத்தியம் அடுத்த சம்பள நாள்வரைதான் தாங்கும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாளில், அவருடைய சம்மதத்தோடு, இவற்றைச் செய்யுங்கள்:

1. சம்பளம் வரும் கணக்கை, இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். 'யாராவது ஒருவர்' என்ற வகை உதவாது.
2. அவருடைய யுபிஐயிலிருந்து வங்கிக் கணக்கை நீக்குங்கள். அன்றாடச் செலவுக்கு 'யுபிஐ சர்க்கிள்' வசதி பொருந்தும்: மனைவியோ பெற்றோரோ முதன்மைப் பயனராக இருந்து, அவரை இரண்டாம் பயனராகச் சேர்க்கலாம். முழு அனுமதி கொடுத்தால் மாதம் 15,000 ரூபாய், ஒரு பரிமாற்றத்துக்கு 5,000 ரூபாய் என்பது உச்சம். பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு முறையும் முதன்மைப் பயனர் ஒப்புதல் தர வேண்டும்.
3. டெபிட் கார்டில் இணையப் பரிமாற்றத்தை வங்கிச் செயலியிலேயே அணைக்கலாம். கிரெடிட் கார்டை மூடச் சொல்லுங்கள். பாக்கி இருந்தால் வரம்பையாவது குறைக்கலாம். கேட்காமலே கடன் தருவதாக வரும் செய்திகளை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.
4. நகை, பத்திரம், வண்டியின் ஆர்.சி. புத்தகம் வேறு வீட்டில் இருக்கட்டும்.
5. கைப்பேசியில் சூதாட்டத் தளங்களைத் தடுக்கும் பெட்பிளாக்கர் போன்ற இலவசச் செயலியைப் போட்டு, டெலிகிராம், வாட்ஸ்அப் 'டிப்ஸ்' குழுக்களிலிருந்து வெளியேறச் செய்யுங்கள். கடன் செயலிகளை நீக்கும் முன் ஒப்பந்தம், கட்டிய தொகை, மிரட்டல் செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அடைப்பு எல்லாமே தாண்டக்கூடியதுதான். உந்துதல் எழுந்து உச்சிக்குப் போய் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியத் தொடங்கும். அந்த அரை மணியைக் கடத்துவதற்குத்தான் இத்தனை தடுப்பும்.

சிகிச்சை என்றால் என்ன நடக்கும்?

14416க்கு அழைத்தால் முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு இணைப்பார், அல்லது மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு நேரடியாகவும் போகலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. பெங்களூருவின் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் கைப்பேசி, இணைய அடிமைத்தனத்துக்கென்றே 'ஷட்' என்ற சிறப்பு மருத்துவப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது.

முதன்மையான சிகிச்சை, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சை. வாரம் ஒன்றாகப் பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த மனநிலையில் உந்துதல் வருகிறது என்று குறிப்பேடு எழுதச் சொல்வார்கள். சம்பள நாள், மேட்ச் நாள், மனைவி ஊருக்குப் போன நாள் என்று சில வாரங்களிலேயே ஒரு ஒழுங்கு தெரியவரும். 'இனி வந்தே தீரும்' போன்ற நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிப்பார்கள். காலியான நேரத்தில் என்ன செய்வது என்று திட்டமிடுவார்கள். சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம்: தினம் நான்கு மணி நேரம் ஆடியவருக்கு இப்போது அந்த நான்கு மணி நேரமும் வெறுமையாக நிற்கும்.

இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. குடிநோய்க்குத் தரப்படும் நால்ட்ரெக்சோனை உந்துதல் கடுமையாக உள்ள சிலருக்கு மருத்துவர்கள் தருவதுண்டு. கல்லீரல் பரிசோதனை தேவை. டிராமடால் போன்ற வலிமாத்திரை எடுப்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மனச்சோர்வோ குடியோ கூட இருந்தால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும்.

கடனை எப்படிக் கையாள்வது?

முழுப் பட்டியல் முதலில். அவர் சொல்லும் முதல் தொகையை முழுத் தொகை என்று நம்பாதீர்கள். வெட்கத்தால் பாதியைத்தான் சொல்வார்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர் பெயரில் வங்கி, நிதி நிறுவனங்களில் உள்ள கடன்கள் அதில் வந்துவிடும். கைமாற்றும் வட்டிக்கடனும் வராது.

ஒவ்வொரு கடனுக்கும் சட்டத்தின் பார்வை வேறு.

பந்தயம் பிடிப்பவரிடம் வாய்வார்த்தையாக வைத்துத் தோற்ற தொகை: 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. ஆனால் வங்கியில் வாங்கிய தனிநபர் கடனை எதில் செலவழித்தாலும் அது கடன்தான். 'சூதாட்டத்தில் போனது' என்பது அங்கே வாதமாகாது. தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்பது நல்லது.

கடன் செயலி: ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். முறையான செயலியும்கூட உங்கள் தொடர்புப் பட்டியலையும் புகைப்படங்களையும் எடுக்கக் கூடாது. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மீறினால் நிறுவனத்திடமும், பிறகு ரிசர்வ் வங்கியிடமும் புகார் செய்யலாம். படத்தை ஆபாசமாக மாற்றி மிரட்டினால் சைபர் குற்ற எண் 1930.

மீட்டர் வட்டி, ரன் வட்டிக்கு 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வேலை செய்யும் இடத்துப் பணத்தில் கை வைத்திருந்தால் யாரிடமும் எழுதிக் கொடுக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி எண் 15100.

'பழைய செயலியில் முடங்கிய பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் கட்டுங்கள்' என்று அழைப்பவர்கள் இன்னொரு மோசடிக்காரர்கள்.

வீட்டார் செய்யும் பெரிய தவறு

நிலத்தை விற்றோ, அண்ணன் தம்பிகள் சேர்ந்தோ, மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்துக் காலையில் புது வாழ்க்கை தொடங்கச் சொல்வது. பாசத்தால் செய்வதுதான். ஆனால் ஒன்பது அடையாளங்களில் கடைசி இதுவே. கடன் பூஜ்யமானதும் கடன் வாங்கும் தகுதி திரும்பிவிடுகிறது, விளைவை அவர் நேரில் பார்க்கவும் இல்லை. பெரிய இழப்புக்குப் பின்னும் யாராவது வருவார்கள் என்ற பாடம்தான் அதில் பதிகிறது.

உதவ வேண்டுமென்றால் உணவு, வாடகை, பிள்ளைகளின் கட்டணம், சிகிச்சைச் செலவு ஆகியவற்றை நேரடியாகக் கட்டுங்கள். அவர் கையில் கொடுக்காதீர்கள். கடனை அவருடைய சம்பளத்திலிருந்தே மாதாமாதம் அடைக்கட்டும், இரண்டு மூன்று ஆண்டு ஆனாலும். புதிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். மனைவி, பெற்றோருக்கும் ஆலோசனை தேவைப்படும். அவர்களும் 14416க்கு அழைக்கலாம், ஆடுபவர் வர மறுத்தாலும்கூட.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் கேசினோவுக்குள் போகக் குறைந்தபட்ச வயது 21. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். தன்னைத் தானே தடைசெய்துகொள்ளலாம். குடும்பத்தினரும் தடை உத்தரவு கோரலாம். உதவி எண் 1800-6-668-668. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. பிரிட்டனில் தன்னைத் தானே தடைசெய்துகொள்ளும் பதிவேடான கேம்ஸ்டாப்பில் ஒருமுறை பதிந்தால் உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களிலும் 6 மாதம், ஓராண்டு அல்லது 5 ஆண்டுக்குத் தடை. பல வங்கிகளின் செயலியிலேயே சூதாட்டப் பரிமாற்றத்தை அடைக்கும் பொத்தான் இருக்கிறது. உதவி எண் 0808 8020 133.

மறுபடி ஆடிவிட்டால்?

நிறுத்திய சில மாதங்களில் ஒருமுறை சறுக்குவது சகஜம். ஐபிஎல் பருவம், போனஸ் வந்த மாதம், வீட்டில் துக்கம் ஆகியவை வழக்கமான தருணங்கள். 500 ரூபாய் சறுக்கல் 50,000 ஆவது பெரும்பாலும் அதை மறைக்கப் போய்த்தான்: தெரிவதற்குள் அந்த 500ஐ எடுத்துவிட வேண்டும் என்று மறுபடி விட்டதைப் பிடிக்கும் ஓட்டம் தொடங்கும். எனவே சிகிச்சையின் தொடக்கத்திலேயே ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஆடினால் 24 மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட ஒருவரிடம் தொகையோடு சொல்ல வேண்டும். கேட்பவர் அன்று திட்டக் கூடாது. பணம் எந்த வழியில் வெளியே போனது என்று பார்த்து அந்த வழியை அடைத்துவிட்டு, அடுத்த வாரத்து அமர்வை இந்த வாரத்துக்கே மாற்றச் சொல்லி மருத்துவமனைக்கு அழைக்க வேண்டும்.